கண்டியில் இருந்தபடியே போர்க்கப்பலைத் தீயிலிருந்து காப்பது எப்படி?

கண்டியில் கடல் இல்லை என்று யாரும் மனம் தளர வேண்டாம். போர்க்கப்பல் வெடித்து எரியாமல் இருக்க உலகம் கண்ட வழிகளில் நூற்றுக்கு நூறு பலிக்கக்கூடியது ஒன்றே ஒன்று: கப்பலைக் கடலில் விடாமல் இருப்பது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரம், நாலு பக்கமும் மலை, கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிகளே முக்கி முனகித்தான் மேலே வரும். இந்த ஊருக்குள் எந்த நீர்மூழ்கியும் வந்து டோர்பீடோ விட்டதில்லை. கப்பல் பாதுகாப்பில் நமக்கு ஒரு கறையும் கிடையாது. கறை இல்லாதவர்தானே ஊருக்குப் புத்தி சொல்ல வேண்டும்?

ஆகவே திடீரென்று ஒரு போர்க்கப்பல் உங்கள் பொறுப்பில் வந்து சேர்ந்தால் (சீதனமாகவோ, ஏலத்திலோ, அரசியல் நியமனமாகவோ) கைகொடுக்க இந்தக் குறிப்புகள்.

தலைமையகம்

பகிடி என்று நினைப்பவர்கள் பேராதனைப் பூங்காவுக்கு ஒருமுறை போய்வரலாம். 1944 ஏப்ரலில் நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டில்லியிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய இடம் அதுதான். தலைவர் மவுண்ட்பேட்டன் பிரபு, அசல் கடற்படைக்காரர். மகாவலி வளைந்தோடும் அந்தப் பூங்காவில், பெயர்ப்பலகை மாட்டிய மரங்களுக்கிடையே கொட்டகை போட்டு பர்மாப் போரை நடத்தினார்கள். பிரபு தங்கியது கண்டி நகரில், இன்றைய ஜனாதிபதி மாளிகையில். கடற்படைக்காரர் மலையேறியதைக் கடலில் இருந்தவர்கள் ரசிக்கவில்லை. கீழைக் கடற்படையின் தளபதி அட்மிரல் சோமர்வில், தம் கப்பல்கள்மேல் இந்த இளம் தலைவருக்கு என்ன அதிகாரம் என்று கடைசிவரை முறுக்கிக்கொண்டே இருந்தார். மரநிழலில் உட்கார்ந்து கப்பல் ஓட்டுபவர் எல்லோரும் இந்த முறுக்கைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒன்றை மட்டும் மறுக்க முடியாது. அடிபட்ட கப்பல் எப்படி இருக்கும் என்று மவுண்ட்பேட்டனுக்குத் தெரியும். அவருடைய கெல்லி என்ற நாசகாரி 1939 டிசம்பரில் கண்ணிவெடியில் சிக்கியது. 1940 மே மாதம் வட கடலில் டோர்பீடோ வாங்கி, ஒரு பக்கம் சாய்ந்தபடி, நாலு நாள் இழுபட்டுக் கரை சேர்ந்தது. மிச்சமிருந்த டோர்பீடோக்கள், ஆழ்குண்டுகள், படகுகள் என்று மேல்தளத்தில் கனத்தவற்றையும் வெடிக்கக்கூடியவற்றையும் தாங்களே கடலில் தள்ளிவிட்டார்கள். அதனால்தான் கவிழாமல் வந்தது. 1941 மே 23ஆம் தேதி கிரீட் தீவருகே ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டுக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் பலிக்கவில்லை, நிமிடங்களில் போய்விட்டது.

இத்தனை பட்ட மனிதர் மூழ்காத கப்பல் ஒன்றைக் கனவு கண்டதில் வியப்பில்லை. ஜெஃப்ரி பைக் என்ற விசித்திரப் பேர்வழி, பனிக்கட்டியால் விமானந்தாங்கி கட்டலாம் என்று அவரிடம் யோசனை சொன்னார். வெறும் ஐஸ் உடையும். அதோடு நூற்றுக்குப் பதினான்கு பங்கு மரத்தூள் சேர்த்து உறையவைத்தால் கல்லாகும், சுலபத்தில் உருகாது, எரியவும் எரியாது. 1943இல் கனடாவில் ஒரு ஏரியில் மாதிரிக் கப்பல்கூடக் கட்டினார்கள். கியூபெக் மாநாட்டில் மவுண்ட்பேட்டன் அந்தக் கட்டியைத் துப்பாக்கியால் சுட்டுக் காட்ட, ரவை உள்ளே போகாமல் துள்ளித் தெறித்து அங்கிருந்தவர்களைக் கதிகலங்க வைத்தது. திட்டம் அதோடு கைவிடப்படாமல் இன்னும் கொஞ்ச நாள் இழுத்துத்தான் செத்தது. கண்டியில் இதை மறுபடி முயல்வோருக்கு: மரத்தூளுக்கு மர ஆலைகள் இருக்கின்றன, ஐஸுக்கு மீன்கடை. மின்வெட்டு இல்லாத வருஷமாகப் பார்த்துத் தொடங்கவும்.

மருந்தறை

இனி உருப்படியான வேலை. போர்க்கப்பலில் எதிரியின் குண்டைவிட ஆபத்தானது உங்கள் சொந்தக் குண்டு. அதை எங்கே வைப்பது?

பதிலைக் கண்டிக் குளத்தில் பார்க்கலாம். கிரி முகுத, அதாவது பாற்கடல், என்று சிங்களத்தில் பெயர் பெற்ற குளம். கண்ணுசாமியாகப் பிறந்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக முடிசூடி, கடைசியில் வேலூர்ச் சிறையில் கண்மூடிய கடைசி அரசன் 1807இல் வெட்டத் தொடங்கியது. நடுவே ஒரு குட்டித் தீவு. அரசன் இளைப்பாற வைத்திருந்த இடம் என்பார்கள். ஊரைப் பிடித்த ஆங்கிலேயர், அதைத் தங்கள் வெடிமருந்துக் கிடங்காக மாற்றிக்கொண்டதாகச் சொல்வது வழக்கம். கோட்டைச் சுவர்போல விளிம்பில் கட்டிய மதில் அவர்கள் கைவேலை. அரண்மனைக் காதலர்கள் கோபிக்கலாம். ஆனால் மருந்தை மனிதர்களிடமிருந்து பிரித்து, சுற்றிலும் தண்ணீர் விட்டு, போக ஒரே வழி வைத்த அந்தத் தீவைக் கப்பல் வடிவமைப்பாளர் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கப்பலிலும் மருந்தறை நீர்மட்டத்துக்குக் கீழே, ஆழத்தில் இருக்கும். பக்கத்தில் தீ வந்தால் அதற்குள் கடல்நீரைத் திறந்துவிட வால்வு இருக்கும். பீரங்கிக்கு மருந்து மேலே போகும் வழியில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கதவுகள்; ஒன்று திறந்தால் மற்றது மூடியிருக்க வேண்டும். மேலே பொறி பறந்தால் கீழே இறங்கக்கூடாது. அவ்வளவுதான் விதி.

இந்த விதியைக் கடைப்பிடிப்பதில் உள்ள சிரமம், அது வேலையைத் தாமதப்படுத்துகிறது. 1916 மே 31ஆம் தேதி ஜட்லாந்துப் போரில் பிரிட்டிஷ் போர்க்குரூசர்கள் வேகமாகச் சுட ஆசைப்பட்டன. கதவைத் திறப்பதும் மூடுவதும் நேர விரயம் என்று திறந்தே போட்டார்கள். மருந்துப் பைகளை மருந்தறைக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கினார்கள். இன்டிஃபாட்டிகபிள், குயின் மேரி, இன்வின்சிபிள் மூன்றும் ஒரே நாளில் வெடித்துச் சிதறின. 3,300 பேருக்கு மேல் போனார்கள். லயன் என்ற கப்பலும் அதே பாதையில்தான் இருந்தது. பீரங்கிக் கோபுரத்தில் குண்டு விழுந்து செத்துக்கொண்டிருந்த மேஜர் ஹார்வி, மருந்தறைக் கதவை மூடித் தண்ணீர் விடச் சொன்னார். லயன் பிழைத்தது. அவருக்கு விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள், இறந்த பிறகு.

எனவே அவசரம் உள்ளவர்களுக்கு என் ஆலோசனை: கதவைத் திறந்தே வையுங்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு குண்டு கூடச் சுடலாம்.

சரக்கு ஏற்றுதல்

மவுண்ட்பேட்டனின் பரிவாரம் பேராதனையில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த அதே ஏப்ரலில், 14ஆம் தேதி, பம்பாய்த் துறையில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற சரக்குக் கப்பல் சரக்கு ஏற்றும் கலையின் உச்சத்தைத் தொட்டது. உள்ளே 1,395 டன் வெடிபொருள். அது போதாதென்று கராச்சியில் 8,700 பொதி பஞ்சு. எண்ணெய்ப் பீப்பாய்கள். மரம். கூடவே ஒன்பது லட்சம் பவுணுக்குச் சற்றுக் குறைந்த பெறுமதியில் தங்கக் கட்டிகள். நல்ல நாள் பார்த்து எரியூட்டும் சடங்குக்கு அடுக்கிய மாதிரி அடுக்கு. ஆபத்தான சரக்கு இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடியை ஏற்றவில்லை. நடுப்பகல் தாண்டிப் பஞ்சில் புகை. தண்ணீரை அடித்தார்கள், 900 டன்னுக்கு மேல் அடித்தும் தீயின் வேர் எங்கே என்று தெரியவில்லை. கப்பலைத் துறைக்கு வெளியே இழுப்பதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்று அதிகாரம் உள்ளவர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருக்க, பிற்பகல் 4 மணி 6 நிமிடத்துக்கு வெடித்தது. அரை மணி கழித்து இன்னொன்று. சிம்லாவில் நிலநடுக்கக் கருவி அதிர்ந்தது. தீயணைப்பு வீரர்கள் 66 பேர் செத்தார்கள். இந்தியாவில் ஆண்டுதோறும் ஏப்ரல் 14இல் தொடங்கும் தீயணைப்பு வாரம் அவர்கள் நினைவாகத்தான்.

நம் கடற்கரைக்கும் இந்தக் கலை வந்திருக்கிறது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் 1,486 கொள்கலன்களோடு வந்தது. அதில் ஒன்றில் நைத்திரிக் அமிலம் ஒழுகுவது முன்பே தெரியும். கட்டார், இந்தியத் துறைமுகங்கள் இரண்டு அதை இறக்கிக்கொள்ள முடியாது என்று கைவிரித்தன. மே 20ஆம் தேதி கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து, ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. மேற்குக் கரையெங்கும் பிளாஸ்டிக் மணி ஒதுங்கியது. ஒழுகும் பெட்டியை அடுத்தவர் வாசலுக்கு அனுப்புவது நிர்வாகத்தில் நமக்கும் பழகிய முறைதான் என்பதால் மேலும் விளக்கத் தேவையில்லை.

காற்றோட்டம்

கண்டியில் வாழ்ந்தவருக்கு ஆவி வெடிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்த காலம் மறந்திருக்காது. றெகுலேற்றரில் சவர்க்கார நுரையைத் தடவி, குமிழி எழும்புகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினோம். மணம் வந்தால் சுவிட்சைத் தொடாதே, ஜன்னலைத் திற என்று வீட்டுக்கு வீடு பாடம். வீட்டில் ஜன்னலைத் திறந்தால் காஸ் வெளியே போகும். கப்பலில் வெளியே என்பது எங்கே இருக்கிறது?

தைஹோ என்ற ஜப்பானிய விமானந்தாங்கி இதைச் சோதித்துப் பார்த்தது. 1944 மார்ச்சில் சேவைக்கு வந்த புத்தம் புதிய கப்பல், மேல்தளமே கவசம். ஜூன் 19ஆம் தேதி அமெரிக்க நீர்மூழ்கி ஒன்றின் ஒரே ஒரு டோர்பீடோ பட்டது. பெரிய சேதம் இல்லை, கப்பல் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் விமானப் பெற்றோல் தாங்கி கசிந்தது. சேதக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருந்தவர் அனுபவம் குறைந்தவர். நாற்றம் போகட்டும் என்று காற்றுக் குழாய்களையெல்லாம் முழுதாகத் திறக்கச் சொன்னார். ஒரு மூலையில் கிடந்த ஆவி கப்பல் முழுக்க, படுக்கையறை வரைக்கும் சீராகப் பரவியது. ஆறரை மணி நேரம் கழித்து எங்கோ ஒரு பொறி. கவசத் தளம் மேலே புடைத்துக்கொண்டு எழும்பியது.

இத்தனைக்கும் அவர்களுக்கு முன்பாடம் இருந்தது. 1942 ஏப்ரலில் இலங்கையைத் தாக்க வந்தவை ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிகள். 9ஆம் தேதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் கப்பலைப் பிடித்தார்கள். தன் விமானங்களைக் கரையில் விட்டுவிட்டு வந்திருந்த விமானந்தாங்கி அது. 307 பேரோடு மூழ்கி இன்னும் அங்கேயே கிடக்கிறது. சரியாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அந்த ஐந்தில் மூன்று, அகாகி, சோர்யூ, ஹிர்யூ, மிட்வேயில் எரிந்தன. அகாகிமேல் நேராக விழுந்தது ஒரே ஒரு குண்டு. கீழே விமானக் கொட்டகையில் எரிபொருள் நிரப்பிய விமானங்கள், பக்கத்தில் மருந்தறைக்குத் திருப்பி அனுப்ப நேரமில்லாமல் போட்ட குண்டுகள். மிச்ச வேலையை அவை பார்த்துக்கொண்டன. அதே நாள் அமெரிக்கரின் யார்க்டவுன் கப்பலில், எதிரி விமானம் வருகிறது என்றதும் பெற்றோல் குழாய்களை வடித்து அவற்றில் கரியமில வாயுவை நிரப்பினார்கள். அதுவும் குண்டு வாங்கியது, எரிந்தது, ஆனால் பெற்றோல் வெடிக்கவில்லை. ஒரு மாதத்துக்கு முன்பு லெக்ஸிங்டன் ஆவியில் வெடித்ததைப் பார்த்துப் படித்த வித்தை. மற்றவன் கப்பல் எரிவதைப் பார்த்துப் படிப்பது கடற்படைகளில் அபூர்வமாக நடக்கும் விஷயம், அதனால் குறித்துவைக்கிறேன்.

(திருகோணமலைத் துறையில் 1995 ஏப்ரல் 19இல் கடற்படைப் படகுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதும் இந்தப் பட்டியலில் வர வேண்டியதுதான். அதைப் பகிடிக்குள் இழுக்க எனக்கு மனம் வரவில்லை.)

தண்ணீர்

பயிற்சிக்குக் கண்டிக் குளத்தில் உல்லாசப் படகு ஒன்றில் ஏறுங்கள். நடுக்குளத்தில் வைத்து, "அண்ணே, படகு பத்திக்கிட்டா என்ன செய்றது?" என்று கேளுங்கள். "சுத்திவரத் தண்ணிதானே சேர்" என்று பதில் வரும். உலகக் கடற்படைகள் கோடிக்கணக்கில் செலவழித்துப் பெற்ற நம்பிக்கையும் இதேதான்.

1982 மே 4ஆம் தேதி ஃபோக்லாந்துப் போரில் ஷெஃபீல்ட் கப்பலை எக்ஸோசெட் ஏவுகணை தாக்கியது. தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் உடைந்தது. அட்லாண்டிக் சமுத்திரத்தில் மிதந்துகொண்டு, தீயில் ஊற்றத் தண்ணீர் இல்லாமல் நின்றார்கள். ஒரே குழாயில் எல்லாவற்றையும் கோத்தால் ஒரு அடியில் எல்லாம் போகும். இரண்டு பக்கமும் தனித்தனி வழி, நடுநடுவே மூடக்கூடிய வால்வுகள் என்று இருந்தால்தான் ஒன்று போனாலும் மற்றது ஓடும். 20 பேர் இறந்தார்கள். மாலுமிகள் போட்டிருந்த செயற்கை இழைச் சட்டை உருகித் தோலில் ஒட்டியது. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் கடற்படை பருத்திக்குத் திரும்பியது. பொலியெஸ்டர் பளபளப்பில் மயங்காமல் பருத்திச் சாரத்தோடு அடுப்படியில் நிற்கும் நம் பெரியவர்களை இனிக் கேலி செய்ய வேண்டாம்.

இரும்புச் சுவர் தீயைத் தடுக்கும் என்றும் நம்ப வேண்டாம். தடுக்காது, சூடாகும். இந்தப் பக்கம் எரிந்தால் அந்தப் பக்கத்துப் பெயின்ற், கேபிள், மெத்தை தானாகப் பற்றும். ஓர் அறைக்குத் தரையும் கூரையும் சேர்த்து ஆறு பக்கம். உள்ளே ஒரு குழு தீயோடு போராட, வெளியே ஆறு பக்கத்திலும் யாராவது நின்று சுவரை நனைத்துக்கொண்டிருக்க வேண்டும். படம் எடுத்தால் கவர்ச்சியாக இருக்காது. யாருக்கும் பதக்கம் கொடுத்ததாகவும் தெரியவில்லை.

சரி, தண்ணீர் தாராளமாகக் கிடைத்துவிட்டால்? நோர்மண்டி என்ற பிரெஞ்சுப் பயணிக் கப்பலை நியூயோர்க்கில் துருப்புகளை ஏற்றிச்செல்லும் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். 1942 பெப்ரவரி 9ஆம் தேதி இரும்பு வெட்டும் தீக்கங்கு, குவித்து வைத்திருந்த உயிர்காப்பு அங்கிகள்மேல் விழுந்தது. உயிர்காப்பு அங்கிகளுக்குள் இலவம் பஞ்சு. தீயணைப்புப் படை வந்து அடித்த தண்ணீர் மேல்தளங்களில் தேங்கியது. தேங்கிய தண்ணீர் கப்பல் சாயும் பக்கமே ஓடும். ஓட ஓட இன்னும் சாயும். அடிவால்வைத் திறந்து கப்பலை நேராக உட்காரவைத்துவிடலாம், துறை ஆழமில்லை என்று வடிவமைத்தவரே வந்து கெஞ்சினார். விடவில்லை. மறுநாள் விடியுமுன் கப்பல் பக்கவாட்டில் படுத்தது. ஊற்றுவதற்கு ஆள் வைத்தவர்கள் இறைப்பதற்கும் ஆள் வைத்திருக்க வேண்டும்.

பழுதுபார்ப்பு

கடைசியாக, கப்பலை எரிக்க எதிரியே தேவையில்லை. துறையில் கட்டி, பழுதுபார்க்கக் கொடுத்தால் போதும். 2012இல் மயாமி என்ற அமெரிக்க நீர்மூழ்கியில், வேலையிலிருந்து சீக்கிரம் வீட்டுக்குப் போக நினைத்த ஒரு பெயின்ற்காரர் கந்தைக்குத் தீ வைத்தார். நீர்மூழ்கியே கழிவாகப் போனது. அதன் பிறகு தடித்த விதிநூல் ஒன்று எழுதப்பட்டது. எட்டு வருஷம் கழித்து, 2020 ஜூலை 12ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமைக் காலை, சான் டியாகோவில் பொனோம் ரிச்சர்ட் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் எரியத் தொடங்கியபோது அந்த நூல் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள்.

விசாரணை அறிக்கையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒரு இளம் மாலுமி கீழ்த்தளத்தைத் தாண்டிப் போகும்போது வெள்ளையாக மூட்டம் தெரிகிறது. புகை மணம் இல்லை. போய்க்கொண்டே இருக்கிறார். நுவரெலியாப் பக்கம் போய்வந்த எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள், மூட்டத்தைக் கண்டு மணி அடிப்பதா? கீழே அட்டைப்பெட்டி, மரச்சட்டம், கயிறு, வேலைக்காரர் சாமான் என்று நிறைந்து கிடந்தது. கப்பலின் தீயணைப்பு நிலையங்களில் 87 சதவீதம் பராமரிப்பு என்று செயலிழக்க வைக்கப்பட்டிருந்தன. பக்கத்துக் கதவுகள் வழியே கேபிளும் குழாயும் ஓடியதால் மூட முடியவில்லை. நுரை பீச்சும் பொத்தான் ஒன்று இருந்தது. அது என்ன செய்யும் என்று தெரிந்தவர் சிலர்தான், அமுக்கியவர் யாருமில்லை.

நாலு நாளுக்கு மேல் எரிந்தது. திருத்த முன்னூறு கோடி டொலர் பிடிக்கலாம் என்று கணக்குப் பார்த்துக் கைவிட்டார்கள். பழைய இரும்பாக விற்றதில் 36 லட்சம் டொலரும் சொச்சமும் கிடைத்தது. அந்தக் காசுக்குக் கண்டியில் குளம் தெரிகிற மாதிரி ஒரு காணி வாங்கலாமா என்று புரோக்கர் ஒருவரிடம் விசாரித்தால், எத்தனை பேர்ச் வேண்டும் என்று திருப்பிக் கேட்பார்.